91 ஜன்னல்கள்... 91 விளக்குகள்! சூனிய வேட்டையை மறக்காத நார்வே தீவு

நார்வே வரைபடத்தை எடுத்து, விரலை மேலே மேலே நகர்த்திக்கொண்டே போங்கள். வலது பக்கம் நாடு முடிகிற இடத்தில், பாரன்ட்ஸ் கடலில் ஒரு குட்டித் தீவு தெரியும். அதுதான் வார்டோ. ஏறக்குறைய 2,000 பேர் மட்டுமே வசிக்கும் மீனவ ஊர். இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே இருக்கிறது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால், அதுதான் உண்மை!

நவம்பர் கடைசியில் இங்கே மறையும் சூரியன், ஜனவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும். சூரியனின் முழு வட்டமும் முதன்முதலாகத் தெரியும் நாளில், ஊர்க் கோட்டையில் பீரங்கி முழங்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை.

அந்த நீண்ட இரவில் ஊரின் மேற்குக் கரைக்கு நடந்து போனால், கடலோரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன மஞ்சள் வெளிச்சங்கள் தெரியும். எண்ணினால் 91 இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரே ஒரு பல்பு.

1600-க்கும் 1692-க்கும் இடையே, சூனியம் வைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்டு இந்தப் பகுதியில் உயிரிழந்த 91 பேருக்கான நினைவிடம் அது. அவர்களில் 77 பேர் பெண்கள். 14 பேர் ஆண்கள். பெரும்பாலானோர் உயிரோடு எரிக்கப்பட்டவர்கள்.

இடத்தின் பெயர் ஸ்டெயில்நெஸ். தண்டனை நிறைவேற்றப்பட்ட இடம் இந்தப் பக்கம்தான் என்று கருதப்படுகிறது.

3,000 பேரில் 91 பேர்

ஐரோப்பாவில் 15-ம் நூற்றாண்டிலிருந்து 18-ம் நூற்றாண்டு வரை நடந்த சூனிய வேட்டையில் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்பது வரலாற்று ஆய்வாளர்களின் கணிப்பு. அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஜெர்மனியோடும் ஸ்காட்லாந்தோடும் ஒப்பிட்டால் 91 என்பது சின்ன எண்ணிக்கையாகத் தோன்றலாம்.

ஆனால், அன்றைக்கு ஃபின்மார்க் என்ற இந்த வட மாவட்டத்தில் வாழ்ந்தவர்களே மொத்தம் 3,000 பேர்தான். கரையோரம் ஆங்காங்கே சிதறிக் கிடந்த மீனவக் கிராமங்கள். ஒரு கிராமத்தில் சில வீடுகள். அவ்வளவு சிறிய கூட்டத்திலிருந்து 91 பேர். எரிக்கப்பட்டவர் யாராக இருந்தாலும், அவரைத் தெரியாதவர் அந்த ஊரில் இருந்திருக்கவே முடியாது. குற்றம் சொன்னவரும், சாட்சி சொன்னவரும், வேடிக்கை பார்த்தவரும் அக்கம் பக்கத்தினர்தான்.

எப்படி நடந்தது இது?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வந்த புயல்

1617 டிசம்பர் 24. வார்டோவிலிருந்தும் பக்கத்துக் கிராமமான கிபெர்க்கிலிருந்தும் மீனவர்கள் வழக்கம்போலக் கடலுக்குப் போனார்கள். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் புயல் அடித்தது. பத்துப் படகுகள் கவிழ்ந்தன. சுமார் 40 ஆண்கள் திரும்பி வரவில்லை.

மீனவக் குடும்பங்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் ஓர் ஊரின் அப்பாக்களும் பிள்ளைகளும் கணவர்களும் போய்விட்டார்கள். 'ஏன் நமக்கு மட்டும்?' என்ற கேள்வி, அன்றிரவு ஒவ்வொரு வீட்டிலும் எழுந்திருக்கும்.

அதே ஆண்டு அக்டோபரில், டென்மார்க்-நார்வே மன்னர் நான்காம் கிறிஸ்டியான் ஒரு சட்டம் போட்டிருந்தார். சாத்தானோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள்தான் உண்மையான சூனியக்காரர்கள்; அவர்களுக்குத் தண்டனை நெருப்பு. மந்திரம் ஓதி நோய் தீர்ப்பது போன்ற சில்லறை வேலைகள் செய்பவர்களுக்குச் சொத்துப் பறிப்பும் நாடு கடத்தலும். புயலுக்கும் சட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால், இந்தச் சட்டம் 1620-ல் ஃபின்மார்க்கில் அறிவிக்கப்பட்டபோது, மக்களின் துக்கத்துக்கு ஒரு விலாசம் கிடைத்துவிட்டது.

மூன்றாவதாக வந்து சேர்ந்தவர், ஜான் கன்னிங்ஹாம். ஸ்காட்லாந்துக்காரர். கடற்படைத் தளபதியாக இருந்த இவரை 1619-ல் ஃபின்மார்க்கின் ஆளுநராக மன்னர் நியமித்தார். அவர் பிறந்த ஸ்காட்லாந்தில் சூனிய வேட்டை முன்பே தீவிரமாக நடந்திருந்தது. அங்கே மன்னர் ஆறாம் ஜேம்ஸ், டென்மார்க் இளவரசி ஆனைத் திருமணம் செய்து அழைத்து வந்தபோது கப்பல் புயலில் சிக்கியது. 'சூனியக்காரிகள் ஏவிய புயல்' என்று 1590-ல் பெரிய வழக்கே நடந்தது. அந்த ஆனின் தம்பிதான் நான்காம் கிறிஸ்டியான்.

ஆக, 'பெண்கள் கூடிப் புயலை ஏவ முடியும்' என்ற நம்பிக்கை, வடகோடி மீனவர்கள் தாமாகக் கண்டுபிடித்தது மட்டுமல்ல. அரண்மனைகளிலும் நீதிமன்றங்களிலும் தேவாலயங்களிலும் படித்தவர்கள் பேசியதும் எழுதியதும்தான் கடைசியில் இந்தக் கரைக்கும் வந்து சேர்ந்தது.

'வேறு யார் இருந்தார்கள்?'

புயல் அடித்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1621 ஜனவரியில் மாரி என்ற பெண் விசாரணைக்குக் கொண்டுவரப்பட்டார். முழுப் பெயர் மாரி யோர்கன்ஸ்டாட்டர். அதாவது, யோர்கனின் மகள் மாரி. அங்கே அன்று குடும்பப் பெயர் என்று தனியாகக் கிடையாது. அப்பா பெயரோடு 'மகள்' என்று சேர்த்துச் சொல்வார்கள்.

கிறிஸ்துமஸ் இரவில் சாத்தான் தன்னிடம் வந்ததாகவும், கிபெர்க்கில் இருந்த கிர்ஸ்டி என்ற பெண் தன்னை நரியாக மாற்றியதாகவும், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் பெர்கன் நகரம் பக்கத்தில் இருக்கும் மலைக்குக் கூட்டிப் போனதாகவும் மாரியின் வாக்குமூலம் சொல்கிறது. அதே ஆண்டில் இன்னொரு பெண், மீன்பிடிக் கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டு, எச்சில் துப்பி, முடிச்சை அவிழ்த்ததும் கடல் பொங்கியதாகச் சொன்னார். 1617 புயலுக்கு இப்படித்தான் 'காரணம்' கிடைத்தது. மாரி பெயர் சொன்ன கிர்ஸ்டியும் எரிக்கப்பட்டார்.

படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரலாம். அந்த வாக்குமூலங்கள் எப்படி வாங்கப்பட்டன என்று தெரிந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

கை, காலைக் கட்டி, உறைய வைக்கும் அந்தக் கடலில் இறக்குவார்கள். மூழ்கினால் நிரபராதி. மிதந்தால் குற்றவாளி. 'தண்ணீர் புனிதமானது, பாவியை அது ஏற்றுக்கொள்ளாது' என்பது அதற்கான விளக்கம். மிதந்தவர்களுக்கு அடுத்து விசாரணை. சித்திரவதையும் மிரட்டலும் அதில் சேரும். அதன் பிறகு எழுத்தர் எழுதிக்கொள்வதுதான் வாக்குமூலம்.

ஒப்புக்கொண்டதோடு விட்டுவிட மாட்டார்கள். அடுத்த கேள்வி வரும். 'உன்னோடு வேறு யார் இருந்தார்கள்?'

இந்த ஒரு கேள்விதான் சூனிய வேட்டையின் இயந்திரம். சாத்தானோடு ஒப்பந்தம் போட்டவர்கள் கூட்டமாக இரவில் கூடுவார்கள் என்று நீதிபதி நம்புகிறார். கூட்டம் என்றால் ஆட்கள் இருந்தாக வேண்டும். வலியில் துடிப்பவர் ஒரு பெயர் சொல்கிறார். அந்தப் பெயருக்கு உரியவரைப் பிடித்து வந்து அதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர் இரண்டு பெயர் சொல்கிறார். முதலில் பெயர் சொன்னவர் பொய் சொல்லவில்லை என்பதற்கு, இரண்டாமவரின் வாக்குமூலமே சாட்சியாகிவிடும்!

வாட்சோவிலிருந்து வார்டோவுக்கு வரும் சாலையில், டோமென் என்ற வெற்று மலை ஒன்று தெரியும். சூனியக்காரிகள் கூடி சாத்தானோடு நடனமாடிய இடம் என்று வாக்குமூலங்களில் வரும் மலை அதுதான். நேரில் பார்த்தால் பாறையும் காற்றும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. கேட்டவர்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. சொன்னவர்களுக்குத் தெரிந்த மலை அது.

சிறுமிகளையும் விடவில்லை

இந்த வேட்டையின் மிக மோசமான கட்டம் 1662-63 குளிர்காலம். சில மாதங்களில் சுமார் 20 பெண்கள் உயிரிழந்தார்கள். இந்த முறை சிறுமிகளும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள்.

மாரென் ஓல்ஸ்டாட்டருக்கு வயது 12. சாத்தான் தன்னை நரகத்துக்குக் கூட்டிப் போய்ச் சுற்றிக் காட்டியதாகவும், அங்கே கொதிக்கும் ஏரியில் மனிதர்கள் கிடந்ததாகவும் அவள் சொன்னாள் என்று பதிவாகியிருக்கிறது. அவள் பெரியவர்கள் பலரின் பெயர்களைச் சொன்னாள். இப்படிக் கூண்டில் நின்ற சிறுமிகளில் சிலருடைய அம்மாக்களும் இதே குற்றச்சாட்டில் எரிக்கப்பட்டவர்கள்தான். 'சூனியம் தாயிடமிருந்து மகளுக்கு வரும்' என்பது அன்றைய நம்பிக்கை.

அந்தக் குழந்தைகளுக்கு நரகம் எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கேட்டிருப்பார்கள். அதோடு இன்னொன்றும் நடந்திருக்கிறது. வார்டோ கோட்டையில் அப்போது அரசியல் கைதியாக ஒரு மருத்துவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த மனைவிதான் என்ன சொல்ல வேண்டும் என்று தங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததாகச் சிறுமிகள் பிறகு தெரிவித்தார்கள்.

நல்லவேளையாக, வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 1663 கோடையில் அந்த நீதிபதி சிறுமிகளை நிதானமாக விசாரித்தார். சொன்னதை அவர்கள் திரும்பப் பெற்றார்கள். எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள். மிரட்டல் இல்லாமல் கேட்டபோது அதே வாயிலிருந்து வேறு பதில் வந்தது. அதற்குள் அவர்களில் சிலருடைய அம்மாக்கள் உயிரோடு இல்லை.

அதே ஆண்டு விசாரிக்கப்பட்டவர்களில் இங்கபோர்க் என்ற பெண்ணும் ஒருவர். பேடர் க்ரோக் என்பவரின் மனைவி. கடுமையாகச் சித்திரவதை செய்தார்கள். தன்னைப் பற்றியோ, மற்றவர்களைப் பற்றியோ பொய் சொல்ல மாட்டேன் என்ற நிலையிலேயே அவர் கடைசிவரை இருந்தார். யார் பெயரையும் சொல்லவில்லை. சித்திரவதையிலேயே இறந்துபோனார். அவர் வாய் திறந்திருந்தால் இன்னும் எத்தனை வீடுகளுக்கு ஆள் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 91 ஜன்னல்களில் அவருக்கும் ஒன்று இருக்கிறது.

பறிக்கப்பட்ட பறை

கடைசியாக மாட்டியவர் ஓர் ஆண். பெயர் ஆண்டர்ஸ் பௌல்சன். முதியவர். வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான சாமி இனத்தைச் சேர்ந்தவர். (நம்மூர் 'சாமி' அல்ல; அது அந்த இனத்தின் பெயர்.) சூனிய வழக்குகளில் சிக்கிய சாமி மக்களில் ஆண்கள்தான் அதிகம்.

அவர் செய்த குற்றம், தோல் பறை ஒன்றை வைத்திருந்தது. அதன் மேல் படங்கள் வரைந்திருக்கும். பறையைத் தட்டிக் குறி சொல்வதும், கடவுளை வேண்டுவதும் சாமி மக்களின் வழிபாட்டு முறை. 1691-ல் பறையை அவரிடமிருந்து பிடுங்கினார்கள். 1692 பிப்ரவரியில் வாட்சோவில் விசாரணை நடந்தது. ஒவ்வொரு படத்துக்கும் என்ன அர்த்தம் என்று அவர் நீதிமன்றத்தில் விளக்கினார். என்ன தண்டனை கொடுப்பது என்று உள்ளூர் நீதிமன்றத்துக்கே குழப்பம். கோபன்ஹேகனிடம் கருத்துக் கேட்க முடிவு செய்தார்கள். பதில் வருவதற்குள், மனநிலை சரியில்லாத ஒருவர் அவரைக் கோடரியால் வெட்டிக் கொன்றுவிட்டார்.

பறை டென்மார்க் மன்னரின் சேகரிப்புக்குப் போனது. பின்னாளில் அங்கே தேசிய அருங்காட்சியகத்தில் இருந்தது. 1979 முதல் நார்வேயின் கராஸ்யோக் ஊரில் உள்ள சாமி அருங்காட்சியகத்துக்கு 'கடனாக'க் கொடுக்கப்பட்டிருந்தது. தங்கள் பறையைத் தாங்களே கடன் வாங்கி வைத்திருக்கும் நிலை! 2022-ல்தான் அது சாமி மக்களுக்கே உரியது என்று அதிகாரபூர்வமாகத் திருப்பித் தரப்பட்டது. பறிக்கப்பட்டு 331 ஆண்டுகள் கழித்து.

உள்ளே என்ன இருக்கிறது?

இப்போது நினைவிடத்துக்குள் போவோம். 2011-ல் நார்வே ராணி சோன்யா திறந்து வைத்த இடம் இது. சுவிட்சர்லாந்து கட்டடக் கலைஞர் பீட்டர் ஸும்தோரும், பிரான்ஸில் பிறந்த அமெரிக்கச் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவும் சேர்ந்து உருவாக்கியது. சிற்பி பூர்ஷ்வா 2010-ல் 98 வயதில் காலமானார். அவருடைய கடைசிப் பெரிய படைப்புகளில் ஒன்று இது.

முதல் பகுதி, 125 மீட்டர் நீளமுள்ள ஒரு கூடம். கடலோரத்தில் மீன் காயப்போடும் மரச் சட்டங்களைப் பார்த்திருந்தால், அதே மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். அந்தச் சட்டங்களுக்கு நடுவே பாய்மரத் துணியால் நீளமான கூடு ஒன்று கட்டியிருக்கிறார்கள். உள்ளே இருட்டு. குறுகலான நடைபாதை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கித்தான் போக வேண்டும். வெளியே காற்று அடித்தால் உள்ளே துணி அதிரும்.

சுவரில் வெவ்வேறு உயரங்களில் சின்ன ஜன்னல்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு விளக்கு. பக்கத்தில் பட்டுத் துணியில் ஒரு குறிப்பு: பெயர், என்ன குற்றச்சாட்டு, என்ன வாக்குமூலம், என்ன தீர்ப்பு. நார்வே வரலாற்று ஆய்வாளர் லிவ் ஹெலேனே வில்லும்சன், எஞ்சியிருக்கும் நீதிமன்றப் பதிவுகளிலிருந்து எழுதியவை.

இதில் ஒரு விஷயம் மனதை உறுத்தும். இந்த மனிதர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவை எல்லாமே அவர்களைத் தண்டித்த நீதிமன்றம் எழுதி வைத்தவை. மாரிக்குப் பிடித்த பாட்டு எது, கிர்ஸ்டி எப்படிச் சமைப்பார் என்று எங்கேயும் எழுதப்படவில்லை. வலியில் சொல்ல வைத்த வார்த்தைகள்தான் மிச்சம். அவற்றை மறைக்காமல், அந்தந்த மனிதரின் பெயரை மேலே போட்டு, பக்கத்தில் ஒரு விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். 'வேறு யார்?' என்று கேட்டுக் கேட்டு வாங்கிய பெயர்கள், அன்று பட்டியலாக இருந்தன. இங்கே நீங்கள் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் நின்றுதான் நகர முடியும்.

இரண்டாவது பகுதி, கறுப்புக் கண்ணாடியால் ஆன சதுர அறை. நடுவே ஓர் உலோக நாற்காலி. உட்காரும் இடத்திலிருந்து தீ எரிந்துகொண்டிருக்கும். சுற்றிலும் உயரமான தூண்களில் ஏழு பெரிய கண்ணாடிகள், நாற்காலியை நோக்கிக் குனிந்திருக்கும். தண்டனையைச் சுற்றி நின்று பார்க்கும் நீதிபதிகள் போல. கொஞ்சம் பக்கத்தில் போனால், அந்தக் கண்ணாடிகளில் தீயோடு சேர்ந்து நம் முகமும் தெரியும்.

எப்படிப் போகலாம்?

ஓஸ்லோவிலிருந்து கிர்கெனெஸ் வரை விமானத்தில் போய், அங்கிருந்து சிறிய விமானத்திலோ காரிலோ வார்டோவை அடையலாம். பெர்கன்-கிர்கெனெஸ் இடையே ஓடும் கடலோரக் கப்பலும் இங்கே நின்று செல்கிறது. காரில் வந்தால், கடலுக்கு அடியில் 1982-ல் திறக்கப்பட்ட சுரங்கப்பாதை வழியாகத் தீவுக்குள் நுழைவீர்கள். சுமார் 3 கிலோமீட்டர் நீளம். நார்வேயின் முதல் கடலடிச் சாலை இதுதான்.

கோடையில் போனால் நள்ளிரவிலும் சூரியன் இருக்கும். பக்கத்தில் இருக்கும் ஹோர்னோயா தீவில் ஆயிரக்கணக்கான கடற்பறவைகளைப் பார்க்கலாம். எட்டு முனை நட்சத்திர வடிவில் இருக்கும் வார்டோ கோட்டை, 1730-களில் கட்டியது. சூனிய வழக்குகள் நடந்த காலத்துக் கோட்டை இதற்கும் முந்தையது. நினைவிடத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் விளக்குகளைப் பார்க்க வேண்டுமென்றால், குளிரைப் பொறுத்துக்கொண்டு இருட்டுக் காலத்தில்தான் போக வேண்டும்.

இந்தக் கரை தமிழர்களுக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. இலங்கையிலிருந்து நார்வேக்குப் போன தமிழர்கள் பலருக்கு முதல் வேலை கிடைத்தது ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில்தான். இதே காற்றிலும் இதே இருட்டிலும் மீன் வெட்டிப் பிழைத்தவர்கள் அவர்கள்.

சூனியப் பழி இன்னும் உலகத்தை விட்டுப் போகவில்லை. சூனியக் குற்றச்சாட்டு சார்ந்த வன்முறையை ஒழிக்க வேண்டும் என்று ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2021-ல் தீர்மானம் போட வேண்டியிருந்தது. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், ஒரு மாடு சாவு, ஒரு படகு கவிழ்வது... பிறகு யாரோ ஒருவர் ஒரு பெயரைச் சொல்கிறார். தொடக்கம் இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

வார்டோவில் அந்தக் கூடத்தின் கடைசி ஜன்னலைத் தாண்டி வெளியே வந்தால், நேர் எதிரே கடல். 1617-ல் அந்த 40 பேரும் படகில் ஏறிப் போன அதே பாரன்ட்ஸ் கடல்தான். இன்றும் இந்த ஊர்க்காரர்கள் அதில் மீன் பிடிக்கப் போகிறார்கள். குளிர்கால இருட்டில் அவர்கள் கரை திரும்பும்போது, ஊர் விளக்குகளோடு இந்த 91 விளக்குகளும் எரிந்துகொண்டிருக்கும்.